சுவருக்கு உள்ளே ஓடும் கம்பி யாருடையது?

வீட்டுத் தொலைபேசியோ இணையமோ பழுதானால் உடனே நிறுவனத்துக்குப் புகார் கொடுக்கிறோம். ஆள் வருவார், பார்ப்பார். "எங்கள் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில்" என்று சொல்லிவிட்டுப் போவார். கம்பத்திலிருந்து நம் வரவேற்பறை வரை வரும் கம்பிக்கு இரண்டு சொந்தக்காரர்கள் உண்டு என்பது அப்போதுதான் நமக்குத் தெரிய வருகிறது.

இந்த வீட்டுப் பகுதியைக் காட்டித்தான் பராமரிப்புத் திட்டங்கள் விற்கப்படுகின்றன. மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் உள்ளே எந்தப் பழுது வந்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். சேரலாமா, வேண்டாமா? நிலத்துக்கு எல்லைக் கல் இருப்பது போல இந்தக் கம்பிக்கும் ஓர் எல்லை உண்டு. அது எங்கே என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் சொல்ல வந்தது அதுதான்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் தொலைபேசிக் கருவியும் சுவருக்குள் ஓடும் கம்பியும் நிறுவனத்தின் பொறுப்பாகவே இருந்தன. 1987 ஜனவரி 1 முதல் வீட்டு உள்வயரிங் வேலை, அரசு கட்டுப்படுத்தும் கட்டணப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. உள்ளே கெட்டால் வீட்டுக்காரர் செலவு என்றானது. மாதச் சந்தா வாங்கும் பராமரிப்புத் திட்டங்கள் அங்கே அப்படித்தான் பரவின. அதே 1987-இல்தான் நம் நாட்டிலும் அரசாங்கத் தொலைத்தொடர்பு இலாகா ஒரு நிறுவனமாக மாறியது. 2001-இல் செப்புக் கம்பி வழியே ஸ்திரீமிக்ஸ் வந்தது. 2010-இல் கண்ணாடியிழை வழியே யூனிஃபை வந்தது.

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ஐந்தாம் எண் சாலையில் இருக்கும் நம் தெலுக் பங்லிமா காராங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். செப்புக் கம்பிக் காலத்தில் கட்டிய தாமான் வீடுகளில், மாடிக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று இழுத்த பழைய வயரும் இருக்கும். பிறகு வந்த கண்ணாடியிழையும் இருக்கும். இரண்டுக்கும் சோதனை வேறு.

செப்புக் கம்பி இணைப்பென்றால், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் கழற்றுங்கள். லைன் முதலில் நுழையும் சாக்கெட்டில் ஒரே ஒரு தொலைபேசியை மட்டும் மாட்டிக் கேளுங்கள். கரகர சத்தம் அங்கேயும் கேட்டால், பழுது பெரும்பாலும் வெளியே. அங்கே தெளிவாக இருந்தால், உள்வயரில் ஈரமோ தளர்ந்த இணைப்போ இருக்கலாம்.

கண்ணாடியிழை என்றால், நிறுவனம் சுவரில் மாட்டிய பெட்டியைப் பாருங்கள். 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வெளியே இழை அறுந்திருக்கலாம். அலமாரியைச் சுவரோடு தள்ளியதில் உள்ளே மடங்கியும் இருக்கலாம். எலியும் கடித்திருக்கலாம். விளக்கு சரியாக இருந்தும் இணையம் மெதுவாக வந்தால், கணினியை வயர் மூலம் நேரே மாட்டிப் பாருங்கள். அப்போது வேகம் வந்தால் குறை வைஃபையில். வயரையும் கவனியுங்கள். எட்டு இழைகளில் நான்கை மட்டும் இணைத்த வயர் 100 எம்.பி.பி.எஸ்.-க்கு மேல் தராது. 300-க்குப் பணம் கட்டியும் 100 மட்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் பத்து நிமிட வேலை. இதற்குப் பிறகு திட்டத்தைப் பற்றி யோசியுங்கள். மாதம் 5 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து வருடத்தில் 300 வெள்ளி. ஒரே வயரும் ஒரே பெட்டியும் உள்ள வீட்டில் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. பல அறைகளுக்குப் பழைய வயர் ஓடும் வீட்டுக்கும், ஏணி ஏற முடியாத முதியவர்கள் தனியே இருக்கும் வீட்டுக்கும் திட்டம் பயன்படலாம். ஆனால் நான்கு கேள்விகள் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கம்பிக்கு மட்டுமா, மோடமுக்கும் சேர்த்தா? இடி மின்னலில் கெட்டால் உண்டா? ஆள் வரும் கூலி தனியா? இடையில் நிறுத்தினால் அபராதமா? கிள்ளான் பள்ளத்தாக்கு இடி மின்னல் மிகுந்த வட்டாரம். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

எந்தத் திட்டமும் தீர்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய செப்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் சாதாரணத் தொலைபேசி பேசும். கண்ணாடியிழையில் அப்படி இல்லை. மின்சாரம் போனால் பெட்டி அணையும், தொலைபேசியும் அணையும். இரவில் நெஞ்சுவலி வந்த பெரியவர் 999-ஐ அழைக்க அந்த ஒரு தொலைபேசியை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும்? மின்னேற்றிய கைத்தொலைபேசி ஒன்றை அவர் கட்டிலருகே வையுங்கள்.

பணம் கட்டியும் வேலை நடக்காவிட்டால் சும்மா இருக்காதீர்கள். சேவை நிறுவனம் புகாரைத் தட்டிக் கழித்தால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். தனியார் வயரிங்காரர் ஏமாற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ரசீதையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வைத்திருப்பவர் பேச்சுதான் அங்கே எடுபடும்.