வாப்பாவின் காணியில் ராத்தாவுக்கும் பங்குண்டு

“சீதனம் கொடுத்துத்தானே கட்டிக்கொடுத்தோம், இனி ராத்தாவுக்கு என்ன பங்கு?” என்ற பேச்சை நம் ஊர் வீடுகளில் நானும் கேட்டிருக்கிறேன். சட்டம் இதற்கு என்ன சொல்கிறது?

நமது நாட்டில் மரணசாசனம் எழுதாமல் ஒரு முஸ்லிம் மௌத்தானால், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டமே வாரிசுரிமையைத் தீர்மானிக்கிறது. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார் மட்டுமே வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். கடன், அடக்கச் செலவுகள் போக மீதியை 32 பங்காக்கினால் உம்மாவுக்கு 4, மகனுக்கு 14, மகள்மாருக்கு 7 வீதம் கிடைக்கும். காணியைப் பிரிக்கும் வரை நால்வரும் கூட்டுச் சொந்தக்காரர்கள். சீதனம் வாங்கியதால் மட்டும் அந்த 7 பங்கு இல்லாமற் போகாது. “எனக்கு வேண்டாம்” என்று வாயால் சொன்னாலும் காணி கைமாறாது. அதற்கு நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் சட்டம்.

அயலவர் வேலியை நகர்த்தி உள்ளே வந்தால், கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் தனியாகவே வழக்குத் தொடர்ந்து அவரை வெளியேற்றலாம். கட்டாரில் இருக்கும் சகோதரர் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பங்காளி ஒருவரே மற்றவர்களின் சம்மதமின்றிப் புதுக் கட்டடம் எழுப்பினால், நீதிமன்றத்தில் தடையுத்தரவு கோரலாம். ஒன்றாக வைத்திருக்க முடியாத நிலை வந்தால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி எந்தப் பங்காளியும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். பங்கு சிறியது என்பது அதற்குத் தடையல்ல. பிரிக்க முடியாத காணியென்றால் நீதிமன்றம் அதை விற்றுப் பணத்தைப் பங்கிடவும் கட்டளையிடலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது காலம். அந்நியர் ஒருவர் 10 வருடம் எதிரிடையாக ஆண்டால் காணியே அவருக்குச் சொந்தமாகிவிடலாம். பங்காளிக்கு இது அவ்வளவு இலகுவல்ல. ஒருவரின் ஆட்சி எல்லோரின் ஆட்சியாகவே கருதப்படும். ஆனாலும் பல்லாண்டுகள் ஒருவரே தனியாக அனுபவிக்க மற்றவர்கள் மௌனமாக இருந்தால், அந்த மௌனமே அவர்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

பங்கைக் கேட்டால் உறவு முறிந்துவிடுமோ என்று நம் உம்மாமார் அஞ்சுகிறார்கள். சூரா அந்நிஸாவில் அல்லாஹ் வகுத்த பங்கைக் கேட்பதில் என்ன வெட்கம்? உறுதியின் பிரதி, மரணச் சான்றிதழ், நில அளவைப் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். காணிப் பதிவகத்தில் பதிவுகளைப் பாருங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள்.