பழச்சாறு

சித்திரைத் திங்களின் உச்சிவெயிலில் வெளியே சென்று மீள்பவர், திண்ணையில் அமர்ந்தவுடன் முதற்கண் வேண்டுவது பருகுதற்கு நீர். அந்நீரில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சிறிது வெல்லமோ சர்க்கரையோ கரைத்து, ஒரு சிட்டிகை உப்பும் இட்டுக் கொடுத்தல் தமிழகத்து இல்லங்களில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். கோயில் விழாக்காலங்களில் தண்ணீர்ப்பந்தல் அமைத்து, வழிச்செல்வோர்க்கு நீர்மோரும் பானகமும் வழங்குதலும் அத்தகையதே. 'சாறு' என்னும் சொல்லுக்குப் பிழிந்தெடுத்த நீர் என்பதோடு, விழா என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் எவ்வாறு வந்து கூடினும், வெயிலில் வாடி வந்தவனுக்கு ஒரு குவளை சாறு ஒரு விழாவாகவே தோன்றும் என்பதில் ஐயமில்லை.

பழத்தைப் பிழிவது எளிய செயல், சிறுவரும் செய்வர். ஆயினும் பிழிந்த சாறு உடலுக்கு நலம் செய்வதும் தீங்கு செய்வதும், பிழிந்த கைக்கும் பருகும் வாய்க்கும் இடையே கழியும் பொழுதையும், அதனோடு கலக்கும் நீரையும் பொறுத்தவை. இதனை விளங்கிக்கொள்ளப் பழத்தின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பழத்தின் தோல் வெறும் உறையன்று. அஃது ஒரு காவல். அக்காவலின் உள்ளே சாறு ஒரு குடத்து நீர்போல் நிறைந்திருப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத எண்ணிறந்த சிற்றறைகளில் அது பிரிந்து அடங்கியிருக்கிறது. புளிப்பு ஓரிடத்தும், நிறமும் மணமும் தரும் பொருள்கள் வேறிடங்களிலும், அவற்றை மாற்றவல்ல நொதிப்பொருள்கள் பிறிதோரிடத்தும் இருக்கும். பழத்தை வெட்டிய அளவிலே அச்சிற்றறைகளின் சுவர்கள் உடைகின்றன. தனித்திருந்தவை ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயுவும் உட்புகுகின்றது. அரிந்துவைத்த வாழைப்பழம் சிறிது நேரத்தில் கறுத்துப்போவது இதனாலேயே. அதன்மீது எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் கறுத்தல் தடைப்படும். புளிப்பு அந்நொதிப்பொருளின் தொழிலை அடக்கிவிடுகிறது.

காற்றோடு நுண்ணுயிர்களும் வருகின்றன. தோலின்மேலும் கையிலும் கத்தியிலும் அவை என்றும் உள்ளன. இனிப்பும் ஈரமும் வெப்பமும் ஒருங்கே அமைந்த இடம் அவற்றுக்கு நல்ல விளைநிலம். பனையிலிருந்து இறங்கும் இனிய நீர், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீராக நிற்பதையும், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் நுரைத்துக் கள்ளாவதையும் கிராமத்து மக்கள் அறிவர். அங்கே நிகழும் மாற்றமே, மூடிவைத்த திராட்சைச் சாற்றிலும் அன்னாசிச் சாற்றிலும் மெல்ல நிகழ்கிறது. காலையில் பிழிந்த சாறு மாலையில் குமிழியிட்டுப் புளிப்பது அதன் அறிகுறி.

சாறு தன் ஆற்றலை இழத்தல் பற்றிக் கடலோடிகளின் வரலாறு ஒன்று உண்டு. பல திங்கள் கரை காணாது செல்லும் மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் பற்றியது. ஈறு வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆடும், உடல் சோர்ந்து இறுதியில் உயிரும் நீங்கும். 1747ஆம் ஆண்டில், சாலிஸ்பரி என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலின் மருத்துவரான ஜேம்ஸ் லிண்ட் என்பவர், இந்நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஓரிணைக்குக் கடல்நீர், ஓரிணைக்குப் புளிக்காடி என்று இவ்வாறு கொடுத்தவற்றுள், ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து நலம்பெற்றனர். ஆறு நாளில் கப்பலிலிருந்த பழங்கள் தீர்ந்துவிட்டன. அதற்குள்ளாகவே அவ்விருவருள் ஒருவர் பணிக்குத் திரும்பும் அளவு தேறினார்.

இவ்வளவு தெளிவாகக் கண்டறிந்த லிண்ட், பின்னர் ஒரு பிழை செய்தார். பழங்கள் கப்பலில் நெடுநாள் தங்கா என்று கருதி, அவற்றின் சாற்றைக் காய்ச்சிக் குழம்பாக வற்றச்செய்து புட்டிகளில் அடைக்கும் முறையை அவர் கூறினார். இடம் அடங்கிற்று, ஆனால் நோய் அடங்கவில்லை. காய்ச்சிய வெப்பமும் கழிந்த நாள்களும் சாற்றின் ஆற்றலை அழித்துவிட்டன. காய்ச்சாத எலுமிச்சைச் சாற்றை ஆங்கிலக் கடற்படை 1795 முதல் மாலுமிகளுக்கு வழங்கிய பின்னரே அந்நோய் அப்படையில் குறைந்தது. அழிந்துபோன அந்த ஆற்றல் இன்னது என்பது, அதற்கு வைட்டமின் 'சி' என்று பெயரிட்டபின் 20ஆம் நூற்றாண்டில் விளங்கிற்று. அதனைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவும் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி என்னும் அங்கேரி நாட்டு அறிஞர் 1937இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு சிறு அடுப்பின் சூடு எத்தனை மாலுமிகளின் உயிரோடு விளையாடியது என்று எண்ணுங்கால், சாற்றை உடனே பருகுக என்று முதியோர் கூறுவதன் அருமை புலனாகும்.

நீரே அடுத்து ஆராயத்தக்கது. பழம் எத்துணைத் தூயதாயினும், கலக்கும் நீர் தூயதன்றாயின் பயனில்லை. குடற்காய்ச்சலும் வாந்திபேதியும் ஒருவகைக் காமாலையும் தூய்மையற்ற நீரால் பரவுவன. நீர் குமிழியிட்டு ஒரு நிமிடமேனும் நன்றாகக் கொதித்து, மூடிய கலத்தில் ஆறியபின்னரே சாற்றில் சேர்த்தல் வேண்டும். பனிக்கட்டி குளிர்ந்திருப்பதால் அதில் கிருமி இராது என்று பலர் கருதுகின்றனர், அக்கருத்துப் பிழையானது. உறைந்த நீரில் கிருமிகள் பல உறங்கிக் கிடக்குமேயன்றி மடிவதில்லை. பனிக்கட்டி கரைந்தவுடன் அவை மீண்டும் தொழிற்படும். மீன்களைக் கெடாது வைத்தற்கென்று செய்யும் பனிக்கட்டி பருகுதற்கு உரியதன்று. தெருவோரத்துச் சாற்றில் மிதக்கும் கட்டி எந்நீரால் ஆயது என்பதைப் பருகுவோன் அறியான். தன் வீட்டு நீரை அவன் அறிவான்.

குளிர்ச்சி வேண்டுமாயின் மண்பானை இருக்கிறது. கொதித்து ஆறிய நீரைப் புதுப்பானையில் ஊற்றி நிழலில் வைத்தால், பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகுங்கால் உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். காற்று வறண்டிருக்கும் நாளில் இக்குளிர்ச்சி மிகும். ஒரு பிடி வெட்டிவேரைக் கழுவி அந்நீரில் இடுவோரும் உளர்.

இனிப் பிழியும் முறை. எலுமிச்சம்பழத்தைக் கழுவி, பலகையின்மேல் வைத்து உள்ளங்கையால் சிறிது அழுத்தி உருட்டினால் உட்சுளைகள் நெகிழும். சாறு மிகுதியாக இறங்கும். குறுக்காக அரிந்து, விதைகளை நீக்கிவிட்டுப் பிழிதல் நன்று. கடைசித் துளியையும் விடலாகாது என்று மூடியை முறுக்கிப் பிழிபவர், தோலின் எண்ணெயையும் வெண்பகுதியின் கசப்பையும் சேர்த்தே பிழிகின்றார். சிக்கனம் நல்லதேனும் இவ்விடத்து அது வேண்டா. நடுத்தரமான ஒரு பழம் இரண்டு குவளை நீருக்குப் போதும். சர்க்கரை குளிர்ந்த நீரில் விரைவிற் கரையாது. ஆதலால் முதலில் சிறிது வெந்நீரில் அதனைக் கரைத்து ஆறவிட்டு, பின்னர்ச் சாற்றைச் சேர்ப்பர். வெல்லமாயின் கரைத்து வடிகட்டினாலன்றி மண் நாவில் நெருடும். வியர்வையோடு உப்பும் உடலினின்று வெளியேறுதலால், வெயிலில் உழைத்தவர்க்குக் கொடுக்கும் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பிடுதல் பொருத்தமாகும்.

சாத்துக்குடியும் ஆரஞ்சும் இவ்வினத்தனவே. அவற்றின் சாறு பிழிந்தவுடன் இனித்து, சிறிது நேரம் சென்றபின் கசக்கும். வெள்ளைத் தோலிலும் விதையிலும் உள்ள ஒரு பொருள் சாற்றின் புளிப்போடு கூடி மெல்ல மெல்லக் கசப்பாக மாறுவதே இதற்குக் காரணம். நோயாளியைக் காணச் செல்வோர் சாத்துக்குடி வாங்கிச் செல்கின்றனர். பலர் கொணர்ந்த பழங்களை ஒருசேரப் பிழிந்து செம்பில் நிரப்பி, மாலைவரை சிறிது சிறிதாகப் புகட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அன்பினாற் செய்யும் இச்செயல், நலிந்த உடலுக்குக் கசந்த சாற்றையும் கிருமியையும் ஒருங்கே கொடுப்பதாய் முடியும். வேண்டும்போது ஒரு பழம் பிழிந்து கொடுத்தலே நோயாளிக்கு உற்ற பணிவிடை.

பித்தளை, செம்புக் கலங்களில் புளிப்புடைய எச்சாற்றையும் வைத்தலாகாது. புளிப்பு அவ்வுலோகங்களைக் கரைத்துக் களிம்பை உண்டாக்கும். அது நஞ்சு. முன்னையோர் அக்கலங்களுக்கு உள்ளே ஈயம் பூசுவித்தது இதனாலேயே. கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் ஆகியவை ஏற்றவை.

மாம்பழத்தைப் பிழிவதினும் பிசைவதே பெரும்பான்மை. காம்பருகே கசியும் பால் வாயையும் உதட்டையும் புண்படுத்தும். ஆதலின் பழத்தைக் காம்புப்பக்கம் நன்றாகக் கழுவி, அரைமணி நேரம் நீரில் இட்டுவைப்பர். நார்மிகுந்த நாட்டுப்பழத்தைக் கையாற் பிசைந்து வடிகட்டலாம். மல்கோவா, பங்கனப்பள்ளி போன்ற சதைப்பற்று மிகுந்தவற்றை அரிந்து மத்தினாற் கடைந்து, நீரோ பாலோ சேர்க்கலாம். மிக்ஸியில் அரைப்போர் சிறிதுபோதில் நிறுத்துதல் வேண்டும். நெடிது சுழற்றின் நுரை எழும். நுரையாவது சாற்றினுட் புகுந்த காற்றே. காயைக் கால்சியம் கார்பைடு என்னும் கல்லிட்டு விரைந்து பழுக்கச் செய்தல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அக்கல்லில் நச்சுப்பொருள்கள் கலந்திருத்தல் உண்டு. வைக்கோலிற் பொதிந்து பழுக்கவைத்த பழத்துக்குக் காம்படியில் எழும் மணமே சான்று.

மாங்காய் என்னும் தமிழ், மலையாளச் சொல்லே போர்த்துகீசியர் வாயில் 'மங்கா' என்றாகி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பரவிற்று. அவர்களோ தென்னமெரிக்க மக்கள் வழங்கிய பெயரொடு ஒரு பழத்தை இங்கே கொணர்ந்தனர். அதுவே அன்னாசி. இப்பழத்தில் புரதத்தைச் சிதைக்கும் நொதிப்பொருள் ஒன்று உண்டு. மிகுதியாக உண்டபின் நா குறுகுறுத்து எரிதல் அதன் செயலே. ஆதலால் பச்சை அன்னாசிச் சாற்றொடு பாலைக் கலந்தால் பால் திரியும். சிறிதுபோதிற் கசக்கவும் செய்யும். பப்பாளியும் அத்தகைய நொதிப்பொருளை உடையது. மாதுளையின் முத்துக்களைத் துணியிலிட்டு மென்மையாகப் பிழிதல் வேண்டும். விதை நசுங்கின் துவர்ப்பு ஏறும். தர்ப்பூசணிக்கு நீரே வேண்டா. ஆயினும் புளிப்பின்மையால் அதிற் கிருமிகள் விரைந்து பெருகும். அரிந்து ஈ மொய்க்க வைத்திருக்கும் துண்டுகளை வாங்காது, முழுப்பழமாக வாங்கி, தோலைக் கழுவியபின் வீட்டில் அரிவதே தக்கது.

சாறு நல்லதாயின் அதனை எவ்வளவும் பருகலாமோ எனின், அன்று. மூன்று ஆரஞ்சுப் பழங்களை ஒருவன் ஒருங்கே உண்பது அரிது. அவற்றின் சாற்றை ஒரே மூச்சிற் குடித்துவிடுவான். நார் நீங்கிவிட்டமையால் வயிறு நிறைந்தது தோன்றுவதில்லை. இனிப்புமட்டும் விரைந்து குருதியிற் சேரும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருவர் நாள்தோறும் பெறும் உணவாற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவே சேர்ப்புச் சர்க்கரை இருத்தல் வேண்டும் என்று கூறி, பழச்சாற்றில் இயல்பாயுள்ள சர்க்கரையையும் அக்கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. ஆதலின் பல் வலிமையுடைய சிறுவர்க்குப் பழமே முதன்மையானது; சாறு அதற்கு அடுத்தது. ஓராண்டு நிரம்பாத குழவிகளுக்குச் சாறு வேண்டா என்பர் குழந்தை மருத்துவர். நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்டே பருகுதல் வேண்டும்.

பிழிந்து எஞ்சியவற்றையும் தமிழகத்துப் பெண்டிர் வீணாக்குவதில்லை. எலுமிச்சை மூடிகளை உப்பிலிட்டு வெயிலிற் காயவைத்து ஊறுகாய்க்கு எடுப்பர். அவ்வாறு எடாத மூடிகளை உப்பிலோ சாம்பலிலோ தோய்த்துப் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவர். கலத்தில் களிம்பை உண்டாக்கும் அதே புளிப்பு, விளக்கின்மேற் படிந்த கறையைக் கரைத்துக் கழுவுநீரோடு போக்கிவிட, வெள்ளிக்கிழமை மாலையில் விளக்குப் பொன்போல் மின்னும்.