சீமந்தத் தட்டில் ஒரு கோப்பு உறை

சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் வேலூர், திருத்தணி வரை நடக்கிற சங்கதி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், வளைகாப்பு முடிந்த கையோடு மாநில எல்லையைத் தாண்டுகிறவர்கள் உண்டு. மாதாமாதம் பார்த்த டாக்டர் ஒருவர், பிரசவம் பார்ப்பவர் வேறொருவர். அதனால் வளையல், பூ, புடவையோடு தட்டில் வைக்கத் தகுந்த பரிசு ஒரு ஜிப் வைத்த கோப்பு உறை என்பேன். தாய்-சேய் பாதுகாப்பு அட்டை, ஸ்கேன் அறிக்கை, ரத்த வகை, கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் அளவு, ஆதார் நகல் எல்லாம் அதில் இருந்தால், நள்ளிரவில் போய்ச் சேரும் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, தயாரிப்பு எதற்கு என்பார்கள். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சிசேரியன், மருந்து, ரத்தம், வீடு திரும்ப வண்டி வரை இலவசம்தான். ஆந்திராவோ தமிழ்நாடோ, 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். ஆனால் எந்த ஆஸ்பத்திரி, கூடப் போவது யார், அவசரத்துக்கு ரத்தம் கொடுப்பது யார் என்பதை வீட்டார்தான் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பிறக்குமுன் பிள்ளைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் தயங்கினால் (அதில் சண்டைக்கு நிற்க ஒன்றுமில்லை) வாங்கவே வேண்டாம். துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துண்டுகள் போதும். பவுடர், சோப்பு அடுக்கிய பரிசுப்பெட்டிக்கு ஆகும் பணத்தில் தாய்க்கு முன்பக்கம் திறக்கும் இரண்டு நைட்டி எடுக்கலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க அதுதான் வசதி.