இசைத்தட்டில்தான் உயிர் இருக்கிறதா?

ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய இசைத்தட்டு தேடி அலையும் அன்பர்கள் நம் சங்கத்திலும் உண்டு. ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார்: "ஐயா, இசைத்தட்டில் உயிர் இருக்கு. சிடியில் ஒலியைப் படிக்கட்டு மாதிரி வெட்டிப் போட்டுடறான்." ஜவுளி வியாபாரியான நான் அளவு விஷயத்தைச் சும்மா விடுவேனா? தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

1982-ல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. நம் காது எட்டும் உச்சம் நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வு. வயசானால் அதுவும் குறையும். உச்ச அதிர்வுக்கு இரு மடங்குக்கு மேல் அளந்தால் அலையை முழுசாகத் திரும்ப வரையலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் கணிதம். ஆகவே வெளியே வருவது வழவழப்பான அலைதான். படிக்கட்டு படத்தில்தான் இருக்கிறது. ஒவ்வோர் அளவையும் 65,536 மதிப்புகளில் ஒன்றாக முழுமைப்படுத்துகிறார்கள். சில்லறையைத் தள்ளிக் கணக்கு முடிப்பது போன்ற அந்தப் பிழை, ஊசி உரசலைவிட மெல்லிய இரைச்சலாகவே எஞ்சும்.

அப்படியானால் இசைத்தட்டின் இனிமை பொய்யா? இல்லை. ஊசியின் உரசலும் சிறு திரிபுகளும் ஒலிக்கு ஒரு சாயம் ஏற்றுகின்றன. சாயம் பிடித்திருப்பது ரசனை. சாயத்தையே அசல் என்பதுதான் தப்பு.

அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகளை முழு அனலாக் என்று நம்பி ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2011 முதலே அவற்றில் பலவற்றுக்கு நடுவில் டிஜிட்டல் பதிவு ஒரு கட்டமாக இருந்தது 2022-ல் அம்பலமானது. அதுவும் காதால் அல்ல, ஓர் இசைத்தட்டுக் கடைக்காரர் சொல்லித்தான்!

இதை ஏன் மலரில் எழுதுகிறேன்? 1984-ல் என் அம்மா வந்தவாசிப் பேச்சில் சொன்ன கதைகளைக் கேசட்டில் பிடித்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றினால் உயிர் போய்விடும் என்று நானும் நம்பி, பல வருஷம் பெட்டியில் பூட்டி வைத்தேன். திறந்தபோது கல்கத்தா ஈரத்தில் பூஞ்சை பிடித்து ஒரு பக்கமே போயிருந்தது. மறுபக்கத்தில் பதினோரு நிமிஷம் மிஞ்சியது. அதை டிஜிட்டலாக்கிய பிறகு, அம்மாவைப் பார்த்தேயிராத என் பேத்தி கேட்டுச் சிரிக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு கேசட் கிடக்கும். இந்தப் பூஜை லீவிலேயே டிஜிட்டலாக்கி, இரண்டு மூன்று இடத்தில் பிரதி வையுங்கள். எது உசத்தி என்று அப்புறம் சண்டை போடலாம்.