10 நிமிடம் தாங்கினால் பாஸ்... மாத்திரை டப்பா மூடிக்குக் குட்டீஸ் வைக்கும் டெஸ்ட்!

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கிவரும் மாத்திரை டப்பாவைத் திருகிப் பார்த்திருக்கிறீர்களா? சில டப்பாக்களில் 'கடக் கடக்'னு சத்தம்தான் வரும், திறக்காது. கீழே அழுத்திக்கிட்டே திருகினால்தான் வழிக்கு வரும். அதுதான் 'சைல்டு ரெசிஸ்டன்ட் கேப்'.

விஷயம் சிம்பிள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூடிகள். சும்மா திருகினால் வெளிமூடி மட்டும் சுற்றும். அழுத்தினால்தான் அதன் பற்கள் உள்மூடியைப் பிடித்துத் திருப்பும். அழுத்துவது, திருகுவது என இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது சின்னக் குழந்தைகளுக்குச் சுலபமாக வராது. கனடாவில் இந்த வகை மூடி 1967-ல் அறிமுகமானது. அதற்குக் காரணமானவர், மாத்திரையை விழுங்கிவிட்டு வரும் குழந்தைகளைப் பார்த்து நொந்துபோன குழந்தைகள் நல மருத்துவர் ஹென்றி ப்ரோ. அமெரிக்காவில் 1970-ல் இதற்கெனச் சட்டமே வந்துவிட்டது.

எப்படி டெஸ்ட் பண்றாங்க?

அமெரிக்க விதிப்படி, இதில் எக்ஸாமினர்களே மூன்றரை முதல் நாலேகால் வயதுக் குட்டீஸ்தான். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்து, 'திற பார்ப்போம்' என்பார்கள். 5 நிமிடம் டைம். முடியவில்லையா? பெரியவர் ஒருவர் பேசாமல் திறந்துகாட்டுவார். 'பல்லாலகூட திறக்கலாம்' என்றும் சொல்லிவிட்டு, இன்னொரு 5 நிமிடம் கொடுப்பார்கள். செய்துகாட்டுவதற்கு முன்பு 85%, மொத்த 10 நிமிடத்தில் 80% குழந்தைகளால் திறக்க முடியாமல் இருந்தால்தான் மூடி பாஸ்.

அடுத்து, 50 முதல் 70 வயது வரையுள்ள 100 பேர். இவர்களில் 90% பேர் திறந்து, சரியாக மூடவும் வேண்டும். முன்பு இந்த டெஸ்ட்டை 18 - 45 வயதுக்காரர்களிடம்தான் செய்தார்கள். ஆனால், கைவலி உள்ள தாத்தா, பாட்டிகளால் திறக்க முடியாவிட்டால், மூடியைச் சரியாக மூடாமலே வைத்துவிடுவார்கள். அப்புறம் எவ்வளவு ஸ்ட்ராங்கான மூடியாக இருந்து என்ன பயன்? அதனால்தான் 1995-ல் விதியை மாற்றினார்கள்.

80%-க்கு என்ன அர்த்தம்?

இங்கேதான் உஷாராகணும். பாஸான மூடியைக்கூட ஐந்தில் ஒரு குழந்தை 10 நிமிடத்துக்குள் திறந்துவிடலாம். அதாவது, இந்த மூடி பூட்டு அல்ல; நீங்கள் ஓடிவந்து தடுப்பதற்குக் கிடைக்கும் கொஞ்சம் டைம், அவ்வளவுதான்!

அதனால்...

* மூடியதும், அழுத்தாமல் ஒருமுறை திருகிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால்தான் சரியாக மூடியிருக்கிறீர்கள்.

* மாத்திரைகளைச் சாதா டப்பாவுக்கோ, கவருக்கோ மாற்றாதீர்கள். அந்தப் பாதுகாப்பு அங்கேயே போய்விடும்.

* குழந்தையின் கைக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். 'மிட்டாய்' என்று சொல்லி மாத்திரை கொடுக்காதீர்கள்.

* குழந்தை மாத்திரையை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.