ஸாம்பியாவும் ஆப்பிரிக்கக் கோப்பையும்

ஆப்பிரிக்கக் கண்டத்து நாடுகள் தம்முள் காற்பந்தாடிப் பெறும் கோப்பையை ஸாம்பியா நாட்டார் ஒருமுறையே வென்றுள்ளனர். எகிப்தியரோ எழுமுறை வென்றவர். எண்ணிக்கையால் அளப்போர்க்கு ஸாம்பியாவின் வரலாறு சிறிதாகத் தோன்றும். எனக்கு அங்ஙனம் தோன்றவில்லை.

அது கடற்கரையில்லாத நாடு. செம்பு மிக்க நாடு. சுரங்கத் தொழிலாளர் வாழும் ஊர்களில் இவ்வாட்டம் செழித்து வளர்ந்தது. 'சிபோலோபோலோ' என அந்நாட்டு அணிக்கு வழங்கும் பெயர்க்குச் செப்புத் தோட்டா என்பது பொருளாம். 1964-ம் ஆண்டில் விடுதலை பெற்ற ஸாம்பியா, 1974-ல் முதன்முறையாக இப்போட்டியிற் புகுந்து, அம்முறையே இறுதியாட்டத்தை எட்டியது. கெய்ரோ நகரில் ஸயீர் நாட்டாரோடு பொருது இரண்டிற்கு இரண்டென ஒத்து நின்றமையால் மீண்டும் ஆட நேர்ந்தது. மறுமுறை ஸயீர் இரண்டு கோல்களால் வென்றது. ஸயீரின் நான்கு கோல்களையும் அடித்தவர் முலாம்பா என்னும் ஒருவரே!

பின்னர் இருமுறை மூன்றாமிடம் பெற்றனர். 1993-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி, உலகக் கோப்பைத் தகுதியாட்டத்தின் பொருட்டு ஸெனகல் நோக்கி இராணுவ விமானத்திற் சென்றனர். காபோன் நாட்டின் தலைநகராகிய லிப்ரவில்லில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு எழுந்த சிறிது நேரத்திற்குள் அவ்விமானம் கடலில் வீழ்ந்தது. மாண்டோர் முப்பதின்மர்; அவருள் ஆட்டக்காரர் பதினெண்மர். ஓர் எஞ்சின் தீப்பற்ற, களைத்திருந்த விமானி பழுதற்ற மற்றதை நிறுத்திவிட்டார் என்பது 2003-ல் வெளிவந்த அறிக்கையின் சாரம். ஹாலந்து தேசத்தில் ஆடிக்கொண்டிருந்த கலுஷா புவால்யா தனியே செல்லவிருந்தமையால் உயிர் தப்பினார்.

அவரும் எஞ்சிய சிலரும் புதியோரைக் கூட்டிக்கொண்டு, ஓராண்டு நிரம்புமுன் டுனீஷியாவில் 1994-ம் ஆண்டுப் போட்டிக்கு வந்தனர். மாலி நாட்டை நான்கு கோல்களால் வென்று இறுதியாட்டம் புகுந்தனர். மூன்றாம் நிமிஷத்தில் லிட்டானா கோலடித்தார். ஆயினும் நைஜீரியாவின் அமுனிகே இரண்டடித்து அவ்வெற்றியைக் கவர்ந்தார். கோப்பை பெறாத இவ்வாண்டையே ஸாம்பியாவின் ஆண்டுகளுள் முதலாவதாக வைப்பேன். வென்ற ஆண்டன்றோ முதலாவது என என் விடுதி நண்பர் வாதிப்பர்.

அவர் கருதுவது 2012-ம் ஆண்டு. அம்முறை இறுதியாட்டம் அதே லிப்ரவில்லில் அமைந்தது. ஆட்டத்திற்கு முன்னர் வீரர்கள் கடற்கரை சென்று மலரிட்டு வந்தனர். கலுஷா அப்போது நாட்டுக் காற்பந்துச் சங்கத் தலைவர். எதிர்த்த ஐவரி கோஸ்ட் அணியோ போட்டி முழுதும் ஒரு கோலும் வாங்காதது. அவ்வணியின் துரோக்பா பெனால்டி உதையைக் கம்பத்திற்கு மேலே போக்கினார். நூற்றிருபது நிமிஷமும் கோலின்றிக் கழிய, பெனால்டி உதைகளில் எட்டிற்கு ஏழென ஸாம்பியா வென்றது. இறுதி உதை ஸுன்ஸு என்பவருடையது. தொடக்கத்திலேயே காயமுற்று அழுதுகொண்டு வெளியேறியவர் முஸோண்டா. பயிற்சியாளர் ரெனார்ட் அவரைத் தம் கைகளில் தூக்கிச் சென்று தோழரிடையே சேர்த்தார்.

அடுத்த ஆண்டே, 2013-ல், மூன்று ஆட்டங்களிலும் தோலாது சமன்செய்தும் முதற் சுற்றோடு திரும்பினர்.