சோழியும் இயற்கணிதமும்

இயற்கணிதம் என்றவுடன், எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து எதற்கு என்று மாணவர் பலர் மருள்கின்றனர். அவ்வினாவுக்கு விடை காண, நம் புதுவையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு செய்தி துணைசெய்யும்.

சென்னை வானாய்வுக் கூடத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜான் வாரன் என்பார், புதுவையில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். அக்கணிதர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே, 1825-ஆம் ஆண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடமே பிழைத்தது. நடுக்காலம் 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. வாரன் இதனைத் தம் ‘காலசங்கலிதம்’ என்னும் நூலில் எழுதிவைத்தார். அக்கணிதர் நினைவாற்றல் மிக்கவர், ஆயினும் கணக்கின் கோட்பாட்டை அறியாதவர் என்பதையும் குறித்தார்.

நாமும் சோழிகளை வைத்துப் பார்ப்போம். இடப்பக்கம் மூன்று, நடுவில் இரண்டு, வலப்பக்கம் ஐந்து. இவற்றை நூறு, பத்து, ஒன்று எனக் கொண்டால் தொகை 325. நாள், நாழிகை, விநாழிகை எனக் கொண்டாலோ, ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை ஆதலின், தொகை 10,925 விநாழிகை. சோழிகள் மாறவில்லை, ஓரிடத்தினின்று அடுத்த இடத்துக்கு மதிப்புப் பெருகும் அளவுதான் மாறியது. முன்னதில் அது 10, பின்னதில் 60.

அந்த அளவுக்கு ‘இ’ என்று பெயரிடுவோம். அப்போது நம் சோழிகள் சொல்வது இதுவே:

3இ² + 2இ + 5

இதற்குப் பல்லுறுப்புக் கோவை என்று பெயர். இடங்களில் வைத்த சோழிகளின் எண்ணிக்கையாகிய 3, 2, 5 ஆகியவை கெழுக்கள். எழுத்து வந்ததன் பயன் யாது? பத்துக்கும் அறுபதுக்கும் தனித்தனி விதி தேடாமல், எல்லா அளவுக்கும் ஒரே விதி கிடைத்துவிட்டது.

கூட்டும்போது ஓரிடத்துச் சோழியை அதே இடத்துச் சோழியோடுதான் சேர்க்கவேண்டும். நாளோடு நாழிகையைக் கூட்டி ஐந்து நாள் என்பார் உண்டோ? ஆயினும் 3இ² + 2இ என்பதை 5இ³ என்று எழுதும் மாணவர் பலர். ‘இ’ 10 ஆனால் முன்னது 320, பின்னது 5,000. பிழை தானே வெளிப்படுகிறது.

பெருக்கலுக்கு ஒரு நிலத்தை நினைத்துக்கொள்வோம். நீளம் இ + 3; அகலம் இ + 2. அதனை நான்கு துண்டாக்கினால் பரப்புகள் இ², 3இ, 2இ, 6 ஆகும். மொத்தம் இ² + 5இ + 6. சரிதானா? ‘இ’ 10 ஆனால் 13-ஐ 12-ஆல் பெருக்க 156. ‘இ’ 60 ஆனால் 63-ஐ 62-ஆல் பெருக்க 3,906. கோவையும் அவ்விரு விடைகளையே தருகிறது.

மனனம் செய்வது இழிவன்று. அதனைக்கொண்டே புதுவைக் கணிதர் ஒரு கிரகணத்தைக் கணித்தார். ஆனால் விடை 52 நிமிடம் பிழைத்தால், பிழை எங்கே புகுந்தது என்று தேடுவதற்கு நினைவாற்றல் மட்டும் போதாது. விதியின் காரணமும் தெரியவேண்டும். அக்காரணத்தைக் கண்ணெதிரே எழுதிக் காட்டுவதே இயற்கணிதத்தின் தொண்டு.

உங்கள் இல்லத்துச் சிறுவர் இப்பாடத்தைக் கண்டு அஞ்சுவாராயின், கையளவு புளியங்கொட்டையைத் தரையில் பரப்பி உடன் அமருங்கள். எழுத்தை அதன் பின்னர் அறிமுகம் செய்யலாம்.